டபுள் வாஸ்ப் மாடல் என்ஜின்: 18 சிலிண்டர், 36 வயர், ஒரே வெள்ளி நிறம் போதாது

பிராட் அண்ட் விட்னி ஆர்-2800 டபுள் வாஸ்ப். கோர்ஸேர், ஹெல்கேட், தண்டர்போல்ட் ஆகிய இரண்டாம் உலகப் போர்க் காலப் போர்விமானங்கள் மூன்றின் மூக்கிலும் இருந்தது இந்த என்ஜின்தான். வரிசைக்கு ஒன்பதாக இரண்டு வரிசை, மொத்தம் 18 சிலிண்டர், 46 லிட்டர் கொள்ளளவு. இந்த விமானங்களில் எதை மாடலாகக் கட்டினாலும், கவுலிங்கின் (என்ஜினை மூடும் உறை) திறந்த வாய் வழியாகப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இதன் முன்வரிசை. அதனால் இறக்கைக்குச் செலவிடும் உழைப்பில் பாதியாவது என்ஜினுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

பல மாடல்களில் இந்த என்ஜின் உயிரில்லாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: முழுவதும் ஒரே வெள்ளி பெயின்ட், அதன்மேல் ஒரு கருப்பு வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த வண்ணம்), வேலை முடிந்தது. உண்மையான என்ஜினில் அலுமினியம் ஓரிடம், எஃகு ஓரிடம், பெயின்ட் பூசிய வார்ப்பு உறை ஓரிடம், உலோகப் பின்னல் சுற்றிய வயர் ஓரிடம். ஒவ்வொன்றும் வெப்பத்தையும் எண்ணெயையும் வெவ்வேறு விதமாக வாங்கியிருக்கும். எந்தப் பாகம் எதனால் ஆனது, எது சூடாகும், எங்கே எண்ணெய் கசியும் என்று தெரிந்துகொண்டு கட்டினால் வண்ணத் தேர்வு தானாக வந்துவிடும்.

முதல் வேலை அளப்பது. அசல் என்ஜினின் விட்டம் சுமார் 1,340 மி.மீ. 1/32 அளவில் அது 42 மி.மீ., 1/48-ல் 28 மி.மீ., 1/72-ல் 18.6 மி.மீ. வர வேண்டும். கிட்டில் (கடையில் வாங்கும் பாகத் தொகுப்பு) வரும் என்ஜினை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் கொஞ்சம் சிறியதாகவே இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. கிட் கவுலிங்கின் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/48-ல் அது நிஜத்தில் 48 மி.மீ. தடிமனான தகடு! அசல் தகடு ஓரிரு மில்லிமீட்டர்தான். சுவர் உள்பக்கமாக இடத்தைத் தின்றுவிடுவதால் கிட் தயாரிப்பவர் என்ஜினைச் சுருக்கிவிடுகிறார். சரியான அளவில் செய்த ரெசின் என்ஜினை வாங்கி அதே கவுலிங்குக்குள் வைக்கப் பார்த்தால் நுழையாது. அப்போது என்ஜினைத் தேய்க்கக் கூடாது, கவுலிங்கின் உட்புறத்தைத்தான் தேய்க்க வேண்டும். சிலிண்டர் தலைகள் முட்டும் இடங்களைப் பென்சிலால் குறித்து, அங்கே மட்டும் வட்டக் கத்தியால் சுரண்டி, அடிக்கடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவினால் அங்கே நிறுத்திவிட வேண்டும்.

இந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம், வயர்கள் ஏறிய பிறகு என்ஜினின் விட்டம் இன்னும் கூடும். எல்லாம் முடிந்தபின் கவுலிங் மூடவில்லை என்றால், போட்ட வயர்களைப் பிய்ப்பதைத் தவிர வழியில்லை.

அடுத்தது படங்கள். ஆர்-2800-ல் ஏ, பி, சி என்று வரிசைகள் உண்டு. எஃப்4யு-1 கோர்ஸேரில் இருந்தது பி வரிசையைச் சேர்ந்த ஆர்-2800-8, எஃப்4யு-4-ல் இருந்தது சி வரிசையைச் சேர்ந்த ஆர்-2800-18டபிள்யூ. இரண்டுக்கும் முன்பக்க கியர் உறையின் வடிவமே வேறு. ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றைக் கட்டினால், தெரிந்தவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொரு எச்சரிக்கை: அருங்காட்சியகத்தில் வெட்டுத் தோற்றத்துடன் நிற்கும் என்ஜின்கள் காட்சிக்காக மெருகேற்றி, பாகத்துக்கு ஒரு நிறம் அடிக்கப்பட்டவை. வடிவத்துக்கும் வயர் போகும் பாதைக்கும் அவற்றைப் பார்க்கலாம். வண்ணத்துக்குப் போர்க்காலப் பராமரிப்புப் படங்களே நம்பகமானவை.

இனி பிளாஸ்டிக் வேலை. சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகள்தான் இந்த என்ஜினின் முகம். அச்சுக்கோடு பெரும்பாலும் இந்தத் தகடுகளுக்குக் குறுக்கே ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கோடு போகும், கூடவே தகடுகளும் மழுங்கிப் போகும். கத்தியின் முதுகால் கோட்டை மெல்லச் சுரண்டிவிட்டு, பிறகு மெல்லிய ரேஸர் ரம்பத்தை ஒவ்வொரு இடுக்கிலும் வைத்து இரண்டு மூன்று முறை இழுத்தால் தகடுகள் மறுபடி பிரிந்து நிற்கும். ஸ்பிரூவிலிருந்து (பாகங்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டி, பின்னர் அந்த மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒரே வெட்டில் பாகத்தை ஒட்டி நறுக்கினால் பிளாஸ்டிக் வெளுத்து, சில சமயம் ஒரு சில்லு உள்ளே பெயர்ந்துவிடும்.

ரெசின் என்ஜின் என்றால் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் மேலே இருக்கும், அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. ரெசினை ஈரமாக வைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் போடுவதும் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல. 3டி பிரின்ட் என்ஜினில் வேறொரு தொல்லை உண்டு: தகடுகளின் இடுக்கில் முழுதாக இறுகாத ரெசின் தங்கியிருந்தால் பெயின்ட் நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இன்னொரு முறை அலசி, நன்றாகக் காய்ந்தபின் புற ஊதா ஒளியில் வைத்துவிட்டால் சரியாகிவிடும்.

ஒரு வரிசையில் ஒன்பது சிலிண்டர், அதாவது 40 டிகிரிக்கு ஒன்று. பின்வரிசை 20 டிகிரி தள்ளி நிற்கும், முன்வரிசை இடைவெளியில் பின்வரிசைச் சிலிண்டர் எட்டிப் பார்க்க வேண்டும். காற்று எல்லாச் சிலிண்டருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அப்படி. பூட்டுமுளை இல்லாத கிட்களில் இது தவறிப்போவது சகஜம். 40 டிகிரிக் கோடுகள் போட்ட வட்டத்தைத் தாளில் அச்சடித்து, அதன்மேல் கிராங்க் கேஸை (சிலிண்டர்கள் பொருந்தும் நடு உறை) வைத்து ஒட்டினால் தவறாது. மெல்லிய சிமென்ட் போட்டபின் சில நிமிடம் வரை நகர்த்திச் சரிசெய்ய முடியும். சூப்பர் க்ளூவில் அந்தச் சலுகை கிடையாது. பிறகு புரொப்பெல்லர் தண்டின் துளையில் ஒரு பித்தளைக் கம்பியைச் செருகிச் சுழற்றிப் பாருங்கள். கம்பி முனை ஆடினால் அச்சு சாய்ந்திருக்கிறது, சிமென்ட் இறுகுவதற்குள் திருத்திவிட வேண்டும்.

கிட்டில் வரும் புஷ் ராட் குழாய்கள் (வால்வைத் தள்ளித் திறக்கும் தண்டுகளின் உறைகள்) பெரும்பாலும் ஒரே வளையமாக வார்க்கப்பட்டு, குறுக்குவெட்டில் பாதி வட்டமாகத்தான் இருக்கும். அவற்றை வெட்டியெறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் கம்பியால் செய்வது நல்லது: 1/32-க்கு 0.8 மி.மீ., 1/48-க்கு 0.5 மி.மீ. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஆகவே முன்னால் தெரிபவை 18 குழாய்கள். ஒவ்வொரு ஜோடியும் கிராங்க் கேஸில் நெருங்கித் தொடங்கி, மேலே ராக்கர் பெட்டிகளை (வால்வை இயக்கும் நெம்புகோல் இருக்கும் பெட்டி) நோக்கி விரியும். பின்வரிசையின் குழாய்கள் பின்பக்கம் இருப்பதால், மூடிய கவுலிங்கில் அவற்றைச் செய்யத் தேவையில்லை. எல்லாக் குழாய்களும் ஒரே நீளமாக இருப்பதுதான் இங்கே முக்கியம். ஒரு மரக்கட்டையில் தடுப்பு ஒன்றை ஒட்டி, அதில் கம்பியை முட்ட வைத்து வெட்டினால் 18-ம் ஒரே அளவில் வரும். கண் அளவில் வெட்டினால் ஒன்று வளையும், ஒன்று எட்டாது. தூரத்திலிருந்தே கோணல் தெரியும்.

இப்போது வயர்கள். என்னைப் பொறுத்தவரை மாடலின் தரத்தை இதுதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஸ்பார்க் பிளக். ஆகவே 36 வயர். எல்லாமே கியர் உறையைச் சுற்றியுள்ள ஹார்னெஸ் வளையத்திலிருந்து (வயர்களைத் தொகுக்கும் குழாய் வளையம்) கிளம்புகின்றன. முன்வரிசையின் முன் பிளக்குகளுக்கு ஒன்பது வயர்கள் நேராகப் போய்விடும். மிச்சம் 27-ம் முன்வரிசைச் சிலிண்டர்களுக்கு இடையேயுள்ள ஒன்பது இடைவெளிகள் வழியாகப் பின்னால் செல்ல வேண்டும், இடைவெளிக்கு மூன்று. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் வயர்கள் தாறுமாறாகத் தொங்காது. கவுலிங் மூடியே இருக்கும் மாடலில் பின்வரிசையின் பின் பிளக்குக்குப் போகும் ஒன்பதை விட்டுவிடலாம், இடைவெளிக்கு இரண்டு வயர் உள்ளே இறங்குவது தெரிந்தாலே போதும். 1/72-ல் முன் பிளக்குகளின் ஒன்பது வயர் மட்டும் போட்டாலும் என்ஜின் நிரம்பிவிடும்.

வயர் தடிமன்: 1/32-க்கு 0.3 முதல் 0.4 மி.மீ., 1/48-க்கு 0.2, 1/72-க்கு 0.1. தடித்த வயர் போடுவதைவிட மெல்லிய வயர் போடுவதே எப்போதும் பாதுகாப்பானது. 1/48-க்கு எளிய மூலம், சாதாரண 0.75 சதுர மி.மீ. நெகிழ் மின்கம்பி. உறையை உரித்தால் உள்ளே 0.2 மி.மீ. தடிமனில் 24 செம்பு இழைகள் கிடைக்கும். செம்பு இரண்டு மூன்று முறை வளைத்தாலே விறைத்துவிடும். லைட்டர் சுடரில் ஒரு கணம் காட்டி எடுத்தால் மறுபடி இளகும், கூடுதலாகக் காட்டினால் இவ்வளவு மெல்லிய இழை உருகிவிடும். ஈயக் கம்பி இன்னும் மென்மையானது. சொன்ன இடத்தில் நிற்கும், நிறமும் பெயின்ட் இல்லாமலே உலோகப் பின்னல் போல இருக்கும். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். மாடலை மூடிய மரப்பெட்டியில் வைப்பதாக இருந்தால் ஈயம் வேண்டாம்: சில மரங்களும் பசைகளும் விடும் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகப் பூத்து அழியும். அதற்குப் பதில் ஈயம் கலக்காத சால்டரிங் கம்பியைப் பயன்படுத்தலாம்.

துளை போடுவதைப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஊசிமுனையால் ஒரு புள்ளி குத்தி, அந்தக் குழியில் டிரில் பிட்டை வைத்து, பின் வைஸை (கையால் சுழற்றும் சிறு டிரில் பிடி) விரல்களால் மெல்லச் சுழற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளைத் தட்டிவிட வேண்டும். 0.3 மி.மீ. பிட் உடைவது கீழ்நோக்கிய அழுத்தத்தால் அல்ல, பக்கவாட்டு அசைவால்தான். கார்பைட் பிட் கூர்மையாக வெட்டும், ஆனால் கொஞ்சம் சாய்ந்தாலே முறியும். கையால் சுழற்றுவதற்குச் சாதாரண எஃகு பிட்டே ஏற்றது. மோட்டார் டிரில் பிளாஸ்டிக்கை உருக்கித் துளையைச் சுற்றிக் கரை கட்டிவிடும். வளையத்தில் 1/32 என்றால் 36 துளையும் போடலாம். 1/48-ல் 18 துளை போட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு வயர் நுழைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்குத் துளை 0.4 மி.மீ. இருக்க வேண்டும்.

மாட்டும் முறையில் ஒரு வரிசை உண்டு. வளையத்தைத் தனியாகப் பெயின்ட் அடித்து, எல்லா வயர்களையும் முதலில் வளையத்திலேயே ஒட்டிவிடுங்கள், ஒவ்வொன்றும் தேவையைவிட ஒன்றரை மடங்கு நீளமாக. பிறகு வளையத்தைக் கியர் உறையில் பொருத்தி, பின்னால் போக வேண்டியவற்றைச் சிலிண்டர் இடைவெளிக்குள் இறக்குங்கள். முன் பிளக்கின் வயர்கள் கடைசியில். சாமணத்தால் அழுத்திப் பிடித்து வளைத்தால் வயரில் முட்டி விழும். பல்குத்தும் குச்சியின் உருளையான பகுதியில் வைத்து வளைத்தால் வளைவு சீராக வரும். சூப்பர் க்ளூவை ஊசிக்காதின் நுனியில் எடுத்து வைத்தால் தேவைக்கு மேல் போகாது. அது கூடிப்போனால் ஆவி படிந்து உலோகப் பெயின்ட் மேல் வெள்ளைப் புகைத் திட்டு வரும், ஈரப்பதம் அதிகமான நாளில் இன்னும் மோசமாகும். காற்றோட்டத்தில் வேலை செய்வதும், கண்ணில் படும் இடங்களில் வெள்ளைப் பசை பயன்படுத்துவதும் தீர்வு.

பெயின்டுக்கு வருவோம். சிலிண்டர்கள், கியர் உறை, ஹார்னெஸ் வளையம், எக்ஸாஸ்ட் குழாய்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக அடித்துவிட்டுப் பிறகு சேர்ப்பது நல்லது. ஒட்டும் பரப்புகளில் பெயின்டைச் சுரண்டிவிட மறக்கக் கூடாது. பிளாஸ்டிக் சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிடிப்பது, பெயின்ட் மேல் போட்டால் பெயின்ட் மட்டும்தான் ஒட்டும். பிரைமராகக் கருப்பு மிஸ்டர் சர்ஃபேஸர் 1500 போதும். ஒன்றுக்கு இரண்டு பங்கு தின்னர் கலந்து, ஏர்பிரஷ்ஷில் காற்றழுத்தத்தை 15 பிஎஸ்ஐ சுற்றி வைத்து, மெல்லிய இரண்டு பூச்சு. கெட்டியாக அடித்தால் தகடுகளின் இடுக்கு அடைந்துபோகும், அதன்மேல் எந்த வாஷும் வேலை செய்யாது.

பி வரிசையில் சிலிண்டர் தலை வார்ப்பு அலுமினியம். பளபளப்பு கிடையாது, மங்கிய, கொஞ்சம் சொரசொரப்பான சாம்பல் வெள்ளி. டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-16 பெயின்ட் இதற்குப் பொருத்தமானது. ஆல்கிளாட் உலோகப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் குரோம் வகைப் பக்கம் போகாமல் டார்க் அலுமினியம் எடுங்கள். மேலிருந்தும் முன்னாலிருந்தும் மட்டும் அடித்தால் தகடுகளின் அடியில் பிரைமரின் கருப்பு தங்கி ஆழம் தானாகக் கிடைக்கும். தலைக்குக் கீழே இருக்கும் சிலிண்டர் உடலுக்கு அதைவிட ஒரு படி இருண்ட உலோக நிறம் கொடுங்கள். இந்த ஒரு வித்தியாசமே என்ஜினை இரண்டு உலோகத்தால் செய்தது போலக் காட்டும். முன் கியர் உறை போர்க்கால என்ஜின்களில் சாம்பல் பெயின்ட். டாமியா எக்ஸ்எஃப்-53-ல் கொஞ்சம் வெள்ளை கலந்து, செமி கிளாஸ் மினுக்கத்தில் முடியுங்கள். புஷ் ராட் குழாய்கள் பெரும்பாலும் கருப்பு. அதற்கு எக்ஸ்-18 செமி கிளாஸ் பிளாக், ரப்பர் குழாய்களுக்கு எக்ஸ்எஃப்-85. இரண்டும் கருப்புதான், ஆனால் மினுக்கத்தில் உள்ள வேறுபாட்டைக் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

உறையின் முன்பக்கம் கழுகும் ‘டிபெண்டபிள் என்ஜின்ஸ்’ என்ற சொற்களும் கொண்ட நிறுவன முத்திரை டெக்காலாக (நீரில் நனைத்து ஒட்டும் படம்) வந்தால், எக்ஸ்-22 கிளியர் என்ற நிறமற்ற மினுக்கப் பூச்சு பூசிய பரப்பில் ஒட்டுங்கள். மேட் பரப்பில் டெக்காலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளியாக மின்னும்.

வாஷ் விஷயத்தில் ஒரே விதி: வாஷின் கரைப்பான் அடியில் உள்ள பூச்சைக் கரைக்கக் கூடாது. அடியில் லாக்கர் அல்லது அக்ரிலிக், மேலே எனாமல் அல்லது ஆயில் வாஷ் என்பது பாதுகாப்பான அடுக்கு. கருப்பை மட்டும் பயன்படுத்தாமல் பர்ன்ட் அம்பர் ஆயில் கலரில் சிறிது கருப்பு கலந்து, ஒயிட் ஸ்பிரிட்டில் தேநீர் நிறத்துக்குக் கரைத்துத் தகடுகளுக்குள் ஓட விடுங்கள். 20 நிமிடம் கழித்து, கரைப்பானில் லேசாக நனைத்த தூரிகையால் மேல் விளிம்புகளைத் துடைக்க வேண்டும். வெள்ளமாக ஊற்றக் கூடாது. அழுத்தத்தில் வளைத்து ஒட்டிய பிளாஸ்டிக்கின் இணைப்புக்குள் ஒயிட் ஸ்பிரிட் புகுந்தால் அங்கே பிளாஸ்டிக் நொறுங்கி விரிசல் விடும். சிலிண்டர் ஒன்று மறுநாள் தானாகக் கழன்று விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கடைசியாக வெள்ளி டிரை பிரஷ். தூரிகையைத் துணியில் கிட்டத்தட்ட காய்ந்துபோகும்வரை துடைத்துவிட்டுத் தகடுகளுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். 1/72-ல் இது பெரிய உதவி. 1/32-ல் மிகக் குறைவாகவே போதும், அதிகமானால் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும்.

எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு எஃகு நிறம் அடித்து, அதன்மேல் பழுப்பு, ஆரஞ்சு கிளியர் பெயின்டைப் பனி போல மெல்லத் தூவி, இணைப்பு வளையங்களின் ஓரம் மட்டும் நீலக் கிளியர் ஒரு சாயல் கொடுங்கள். நீலம் கண்ணில் குத்தினால் கூடிவிட்டது என்று பொருள். எண்ணெய்க் கசிவு கீழ்ச் சிலிண்டர்களில் அதிகம், அங்கிருந்து காற்றின் போக்கில் பின்னோக்கி இழுபடும். பர்ன்ட் அம்பரை எக்ஸ்-22-வோடு சேர்க்காமல், எனாமல் கிளாஸ் வார்னிஷோடு கலந்து வைத்தால் புது எண்ணெய் போல ஈரமாக நிற்கும். மேல் சிலிண்டரில் எண்ணெய்க் கோடு போட்டுவிட்டுக் கீழே சுத்தமாக விட்டால் தர்க்கம் உதைக்கும்.

இதே முறை எல்லா என்ஜினுக்கும் அப்படியே பொருந்தாது. பிரிஸ்டல் ஹெர்குலிஸ், சென்டாரஸ் இரண்டும் ஸ்லீவ் வால்வு என்ஜின்கள் (சிலிண்டருக்குள் நகரும் உறையே வால்வாக வேலை செய்பவை), அவற்றில் புஷ் ராட்டே கிடையாது. வைத்தால் தவறு. ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் வி-12, பெரும்பகுதி கருப்பு பெயின்ட். அங்கே உலோக நிறங்களுக்கு வேலை குறைவு. செமி கிளாஸ் கருப்பு உடல், அதன் மேல்முகங்களில் அடர் சாம்பல் சாயல், ரப்பர் குழாய்களுக்கு மேட் கருப்பு, குழாய்க் கிளிப்புகளுக்கு அரை மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய ஒட்டும் அலுமினியத் தாள் என்று வேறுபடுத்தினால்தான் கண்ணுக்குப் பாகங்கள் பிரியும்.

என்ஜினைக் கவுலிங்குக்குள் ஏற்றும்போது சிலிண்டர் தலைகளைப் பிடிக்காதீர்கள். தண்டுத் துளையில் செருகிய அதே பித்தளைக் கம்பியைக் கைப்பிடியாக்கி, பின்பக்கத்திலிருந்து நேராகத் தள்ளுங்கள். சுழற்றினால் வயர்கள் சுவரில் உரசிப் பிய்யும். ஒன்றாம் எண் சிலிண்டர் பின்வரிசையில் நேர் உச்சியில் வர வேண்டும் என்பதைத் திசை பார்க்க அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வந்தால் உச்சியில் முன்வரிசைச் சிலிண்டர்கள் இரண்டுக்கு நடுவே அது தெரியும். புரொப்பெல்லரை ஒட்டாமல் வெறுமனே செருகி வைத்தால், பின்னாளில் தூசு துடைக்கக் கழற்ற முடியும். ஊதுபந்தால் ஊதி, மென்மையான மேக்கப் தூரிகையால் வளையத்திலிருந்து வெளிநோக்கி, வயர் ஓடும் திசையிலேயே தள்ளுங்கள். குறுக்கே இழுத்தால் தூரிகை முடியில் வயர் மாட்டிக்கொண்டு பிளக் முனையிலிருந்து கழன்றுவிடும்.